நான்கு மணி நேரம்

இடது கைக்கு உறை ஏறவில்லை. லூரெட்டா விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி, வெள்ளைத் துணியை மெல்ல இழுத்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு முத்துப் பொத்தான்கள். அவற்றையும் போட்டாள்.

"கொடுத்திருந்தா நானே போட்டிருப்பேனேம்மா," என்றார் லாட்டிமர். அந்தச் சிற்றூரில் மூன்று தலைமுறையாகச் சவங்களைக் குளிப்பாட்டி உடுத்தி அனுப்புகிற குடும்பம் அவருடையது. "உறை எதுக்கு? பவுடர் பூசினாலே தெரியாது."

"பவுடர் உதிரும், ஐயா."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பூக்களைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பெட்டிக்குள் படுத்திருந்தவள் வெர்டீ ப்ரூயிட். தொண்ணூற்று மூன்று வயது. நான்கு வயதில் தாயை இழந்த லூரெட்டாவை வளர்த்து ஆளாக்கிய பாட்டி.

இருபத்து நான்கு வயதில், புருஷன் முதல்முறை கை ஓங்கிய அன்றே, இரண்டு பிள்ளைகளையும் தையல் மிஷினையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பதினோரு மைல் நடந்து வந்தவள். ஜார்ஜியாவில் கறுப்பர்கள் ஓட்டுரிமைக்குப் பெயர் கொடுக்கப் போனால் வேலை போகும், வீடு எரியும் என்றிருந்த காலத்தில், இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாம் முறை மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், பெயரைப் பதியும்வரை நீதிமன்றப் படியில் உட்கார்ந்தவள். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். தன் பெயரிலேயே ஒன்பது ஏக்கர் வாங்கினாள். மரக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் அந்த நிலத்தைக் கேட்டு வருவான். உட்காரவைத்து மோர் கொடுப்பாள், நிலம் கொடுக்கமாட்டாள்.

எண்பத்தெட்டு வயதில் கூரையேறித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது, டெட்ராய்ட்டிலிருந்து மகன் ஹார்வி கூப்பிட்டான். விஷயம் தெரிந்ததும் கத்தினான்.

"கூரையில இருக்கறவளுக்கு எதுக்குடா போன் போடுறே?" என்றாள். "உன்னாலதான் விழப்போறேன்."

போன இலையுதிர் காலத்தில், இதயம் ஓய்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். வெர்டீ ஒரு படிவத்தை வாங்கி, தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள். குழாய் செருகக் கூடாது, நெஞ்சை அமுக்கக் கூடாது. சாட்சிக் கையெழுத்து, அறுபது வருஷமாகப் பக்கத்து வீட்டிலிருக்கும் மிஸ் யூலா. காகிதம் சமையலறை மேஜையின் இழுப்பறைக்குள் போனது.

"என்னை என் கட்டில்ல விட்டுரு. பக்கத்துல உட்காரு. அவ்வளவுதான் உன் வேலை. செய்வியா?"

"செய்றேன் பாட்டி."

செவ்வாய்க்கிழமை காலை, சோளக்கஞ்சியைப் பாதி குடித்தவளுக்கு மூச்சு முட்டியது. லூரெட்டா அவளைக் கட்டிலில் சாய்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். நீரில் முங்குகிறவளைப் போல் பாட்டியின் வாய் திறந்து மூடியது. அதைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களில் ஒருவன் கேட்டான்: "எதுவும் செய்ய வேணாம்னு காகிதம் ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா?" அந்த இழுப்பறை இருந்த சமையலறை மேஜையில்தான் அவன் சாய்ந்து நின்றிருந்தான்.

"இல்ல," என்றாள் லூரெட்டா.

அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் வெர்டீ ஒரு முறை கண் விழித்துத் தொண்டைக் குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. பின் இருக்கையில் கலாட்டா செய்யும் பையனைப் பேருந்துக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பேத்தியைப் பார்த்தாள். நான்கு மணி நேரம் கழித்துத்தான் போனாள்.

"வழியிலேயே போயிட்டாங்க மாமா," என்று ஹார்விக்கு போனில் சொன்னாள் லூரெட்டா.

சனிக்கிழமை சர்ச் நிரம்பி வழிந்தது. நரைத்த தலையோடு வந்த ஆண்கள், ஒரு காலத்தில் வெர்டீ தங்களைப் பேருந்திலிருந்து இறக்கி நடக்கவிட்ட கதைகளைச் சொல்லிச் சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லூரெட்டா பெட்டியின் தலைமாட்டிலேயே நின்றாள்.

மிஸ் யூலா கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"கையுறையா? இவளுக்கா? வெறுங்கையால கோழிக் கழுத்தைத் திருகினவளை யாருடி இப்படிக் கல்யாணப் பொண்ணாக்கி வச்சது?"

லூரெட்டா தடுப்பதற்குள் கிழவி பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். உறை பாதி இறங்கியது. மணிக்கட்டைச் சுற்றி வளையலைப் போல் ஒரு கருநீலப் பட்டை. தோல் உரிந்திருந்தது.

மிஸ் யூலாவின் விரல் அதன்மேல் நின்றது.

"கட்டினாங்களா?"

லூரெட்டா ஆமென்று தலையசைத்தாள்.

"காகிதம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

கிழவியின் தாடை அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று லூரெட்டா காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. மிஸ் யூலா உறையை மேலே இழுத்துவிட்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட நெடுநேரம் ஆனது.

ஹார்வி அருகில் வந்தான். "இது என்ன, அம்மாவுக்குக் கையுறை?"

"நான்தான் போடச் சொன்னேன்," என்றாள் மிஸ் யூலா. "ராத்திரியில அவளுக்குக் கை குளிரும். நீ எங்கடா கண்டே?"

ஹார்வி தலையைக் குனிந்துகொண்டான். "எப்படியோ, அவங்க இஷ்டப்படியே போயிட்டாங்க. அதுவே போதும்."

மிஸ் யூலா லூரெட்டாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எல்லோரும் எழுந்து பாடியபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் சர்ச் கூடத்தில் பந்தி தொடங்கியது. பொரித்த கோழியும் கேக்கும் மேஜை மேஜையாக இருந்தன. ஒரு தட்டை மூடி யாரோ கையில் திணிக்க, லூரெட்டா சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

பாட்டி வீட்டுக்கு வந்ததும் காரை உள்ளே ஓட்டாமல் ரோட்டோரமே நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை வந்த ஆம்புலன்ஸ் முற்றத்தில் இடமில்லாமல் கீரைப் பாத்தியின்மேல் ஏறித்தான் திரும்பியிருந்தது. செம்மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள், வாசலிலிருந்து ரோடு வரை. வியாழக்கிழமை பெய்த மழை அவற்றில் சிவப்பாகத் தேங்கி நின்றது. கோழிகள் ஓரத்தில் வரிசையாக நின்று அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன.