கூரையில் இரண்டு புடைப்பு

அந்தத் தெருவில் அவருக்கு டிங்கர் என்றுதான் பெயர். ஒடுங்கிய கதவோ பானெட்டோ, பெயிண்ட் உரியாமல் உள்ளேயிருந்து கம்பியால் நெம்பிச் சரிசெய்துவிடுவார். அன்று காலை தங்கையின் கணவர் காரோடு பட்டறைக்கு வந்து சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"மச்சான், மேல மரக்கிளை விழுந்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. வெளியாள்கிட்ட கொடுக்க மனசு வரல."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, உக்காருங்க."

டிங்கர் ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கூரையைப் பார்த்தார். பின்சீட்டுக்கு மேலே இரண்டு இடம். தடவினார். மறுபடியும் தடவினார். கிளை விழுந்தால் பள்ளம்தான் விழும். இதுவோ உள்ளேயிருந்து முட்டி வெளியே புடைத்திருந்தது.

இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்கூரைத் துணியில், புடைப்புக்கு நேர் கீழே, செருப்புக் குதிகாலின் தடங்கள். சின்னக் கால். யாரோ துடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அழுக்கு பரவியதுதான் மிச்சம்.

"கிளை எங்கேயிருந்து விழுந்துச்சு, மாப்பிள்ளை?"

"மேல இருந்துதான். கிளை வேற எங்கேயிருந்து விழும்?"

"அப்போ தகரம் ஏன் மேல பார்த்து நிக்குது?"

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. "உங்க தங்கச்சிக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. அது வீட்டு விஷயம். நீங்க தட்டுற வேலையை மட்டும் பாருங்க."

டிங்கர் கையிலிருந்த கம்பியை மெதுவாக மேசைமேல் வைத்தார். அது இன்னும் கொஞ்ச நேரம் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. சாவி காரிலேயே இருந்தது. மாப்பிள்ளை கத்திக்கொண்டே பின்னால் ஓடிவர, காரைக் கிளப்பித் தங்கை வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த தங்கையின் காலில் கட்டுப் போட்டிருந்தது.

"என்னம்மா நடந்துச்சு?"

"வேலைக்குப் போறேன்னு சொன்னேன். கடைக்குன்னு கூட்டிட்டுப் போயி, கீழ்த்தளத்துல காரை நிறுத்தி, போனைப் பிடுங்கிட்டு வெளியே பூட்டிட்டுப் போயிட்டாரு. 'உள்ளேயே கிடந்து யோசி'ன்னாரு. வெளியே பூட்டினா அந்த வண்டி உள்ளேயிருந்து திறக்காதுண்ணே. ஹாரன் அடிச்சேன். வண்டி தானா கத்துதுன்னு போறவங்க காதைப் பொத்திக்கிட்டுப் போனாங்க. மூச்சு முட்டுச்சு. பின்சீட்டுல மல்லாந்து படுத்து, அவரு வந்து திறக்கிற வரைக்கும் கூரையை உதைச்சேன்."

"அவனைச் சும்மா விடமாட்டேன்!" டிங்கர் வாசலுக்குத் திரும்பினார்.

"நில்லு!" அவர் குரலைவிட அவள் குரல் உரக்க இருந்தது. "இப்போ மட்டும் குதிக்கிறே. என்னை வெளியே விடமாட்டேங்கிறாருன்னு உன் பட்டறைக்கே வந்து சொன்னேனே, என்ன சொன்னே? 'ஒரு கை தட்டினா ஓசை வருமா, நீயும் கொஞ்சம் அடங்கிப் போ'ன்னு சொல்லல?"

டிங்கர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். மாப்பிள்ளைமேல் மூண்ட ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது. செவிட்டில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நீ போய் அவரை அடிச்சா கேஸ் உன் மேலதான் வரும். என்னைப் பூட்டி வெச்சதை யாரும் பேசமாட்டாங்க. கூரையில கை வெச்சியா?"

"தட்டல. பார்த்ததோட சரி."

"தட்டாதே. நேரா ஸ்டேஷனுக்கு விடு."

துணிப்பையோடு முன்சீட்டில் ஏறியவள், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள்.

ஸ்டேஷன் வாசலில் பெண் போலீஸ் ஒருவர் காருக்குள் குனிந்து தடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு மாப்பிள்ளை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "இது குடும்ப விஷயம் மேடம். பெரியவர், எங்க மச்சான் இருக்காரு, அவரையே கேளுங்க."

போலீஸ் டிங்கரைப் பார்த்தார். வண்டி வண்டியாகத் திட்ட வாயெடுத்தவர், தங்கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பூட்டி வெச்சது அவளை," என்றார். "அவளைக் கேளுங்க."

தங்கை முதலிலிருந்து சொன்னாள். குரல் தாழவே இல்லை. இரண்டு முறை குறுக்கே பேசிய மாப்பிள்ளையை வெளியே நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் அவள் அண்ணன் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகத் தொடங்கினாள். அண்ணனோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. டிங்கரும் வற்புறுத்தவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.