எழுந்து நடந்த காய்ச்சல்

வாகிடியின் காய்ச்சலில் ஒரு தட்டு இறால் அப்பளம் நாற்பது நிமிடத்தில் காய்ந்தது. ஜாவாவின் வடகரையில் எங்கள் சந்து முழுக்க அப்பளம் போடுகிறவர்கள்தான். அந்த மாரியில் பதினோரு நாளாக வெயில் இல்லை, ஈர அப்பளத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் அவன் மனைவி துக்கினெம் கட்டிலருகே மறந்து வைத்த தட்டு மொறமொறவென்று காய்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்த மறுநிமிடம், சந்தின் தட்டுகளெல்லாம் வந்து சேர்ந்து அந்த அறையில் கால் வைக்க இடமில்லை.

நோய் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். காற்று புகுந்துவிட்டது. மழையில் நனைந்தவனுக்குள் வேறென்ன புகும்? தெருத்தலைவர் கஸ்தாரி தானே எண்ணெயும் காசும் எடுத்துக்கொண்டு வந்து, காற்று வெளியேற வேண்டுமென்று எண்ணெய் தடவி, காசின் விளிம்பால் அவன் முதுகைச் சுரண்டினார். கோடு கோடாகச் சிவந்தது. “பாத்தியா, எவ்ளோ சிவப்பு! அவ்ளோ காத்து!” என்றார், தானே அதை உள்ளே ஊதி வைத்தவர் போன்ற பெருமையுடன். மூன்றாம் நாள் கோடுகளுக்கு நடுவே பொட்டுப் பொட்டாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கோடு பெரிய காற்று, புள்ளி சின்னக் காற்று என்று அதற்கும் விளக்கம் சொல்லிவிட்டார்.

துக்கினெம் மட்டும் நம்பவில்லை. முந்தைய மாதம் குழந்தைகளை எடை போடும் நாளில் சுகாதார நிலையத்து நர்ஸ் காய்ச்சலைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தாள். சந்தே அங்கே இருந்தது, ஆனால் எல்லார் கையிலும் பச்சைப்பயறுக் கஞ்சி இருந்தது. துக்கினெம் போனபோது பானை காலி. வேறு வேலையில்லாமல் அவள் காது கொடுத்துக் கேட்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக அவள் வண்டி கேட்டபோது கஸ்தாரி, “இருக்கட்டும்மா, நாளைக்குப் பாக்கலாம். நம்ம வீட்டுத் தட்டு இன்னும் நாலு ஈரமா கெடக்கு” என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி வெட்கத்தையும் நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் முற்பகலில் காய்ச்சல் வாகிடியை விட்டு எழுந்து, வாசல் வழியாக வெளியே நடந்தது. தார்ச்சாலை மேல் வெயில் நேரத்தில் கானல் நெளியுமே, அப்படி ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. வழியில் நின்றவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். அது முனையிலிருந்த காவல் குடிலின் மூங்கில் பெஞ்சில் போய் உட்கார்ந்தது. சந்து மொத்தமும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடியது. வாகிடி குணமாகிவிட்டான் என்று கஸ்தாரி அறிவித்து, மஞ்சள் சோற்றைக் கூம்பாக அடுக்கி விருந்து வைக்கச் சொன்னார். விருந்து அவன் வீட்டில் அல்ல, பெஞ்சுக்கு முன்னால்.

அறையில் வாகிடியும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். “எனக்கு ஒண்ணுமில்ல, தூங்கவிடு” என்றான் அவன். அவன் பாதம் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போலச் சில்லென்று ஈரமாக இருந்தது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டான். மூன்று முறை வாந்தி எடுத்தான். காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. தலையணையில் ஈறு ரத்தம். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னது துக்கினெமுக்கு நினைவு வந்தது. அவள் முனைக்கு ஓடினாள்.

“வண்டி குடுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவணும்!”

“காய்ச்சலே போயிடுச்சே. இங்க பாரு, உக்காந்திருக்கு. இப்ப எதுக்கு டாக்டரு? இருந்தப்பவே நீங்க போவல.”

“இருந்தப்ப நீங்க விட்டாத்தானே!”

சந்தின் ஒரே சைக்கிள் ரிக்‌ஷாவில் அப்பளத் தட்டுகள் அடுக்கியிருந்தன, எல்லாம் கஸ்தாரியுடையவை. அவள் அவற்றைச் சேற்றில் கவிழ்த்தாள். கணவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தானே மிதித்தாள். பின்னால் கேட்ட அலறல் வாகிடிக்காக அல்ல. அப்பளத்துக்காக.

சுகாதார நிலையத்து மருத்துவர் அம்மா கோடுகளை விட்டுவிட்டு நடுவிலிருந்த புள்ளிகளைப் பார்த்தார். “டெங்கு. சூடு இறங்கினதும் வந்தீங்க பாருங்க, அதான் புண்ணியம்” என்று சொல்லி அங்கேயே சலைன் ஏற்றி, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார். இரண்டு நாள் வாகிடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. அங்கே சேர்ந்த ஆறாம் நாள் எலும்பும் தோலுமாக வீடு திரும்பினான். அதற்குள் கஸ்தாரி காய்ச்சலைச் சந்துவாசியாகப் பதிவேட்டில் சேர்த்திருந்தார், தொழில் என்ற இடத்தில் உலர்த்துதல் என்று எழுதி. பெஞ்சைச் சுற்றி நின்றவர்கள் வாகிடியை நிமிர்ந்து பார்த்தார்கள். “வந்துட்டியா? கொஞ்சம் நகருப்பா, தட்ட மிதிச்சிராத” என்றார்கள்.

அது நடந்து ஒன்பது வருடமாகிறது. இப்போது எந்த வீட்டில் காய்ச்சல் இறங்கினாலும் அது எழுந்து வந்து அந்தப் பெஞ்சில் இடம் பிடித்துக்கொள்கிறது. நெருக்கடி நேரத்தில் நாலைந்து சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். புதிதாக ஒன்று வந்தால் தட்டுகளோடு சந்தே அதை வரவேற்க ஓடும். துக்கினெம் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடுவாள், அது எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்கு. உள்ளே கிடப்பவரின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். போன மாதம் அப்படி அவள் நுழைந்தது கஸ்தாரியின் வீடு. அவருடைய பேத்தியின் பாதம் சில்லென்றிருந்தது. அவர் பெஞ்சடியில் அப்பளம் திருப்பிக்கொண்டிருந்தார்.

பேத்தி பிழைத்துவிட்டாள். அவளுடைய காய்ச்சலில் அப்பளம் அரைமணி நேரத்தில் காய்கிறது.