மூன்றாவது அகப்பை

மலாயாவில் கோலா சாவா பக்கம் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஆடிக்கூழ் ஊற்றும் அகப்பையை வருடத்துக்கு ஒரு பெண்ணிடம் கொடுப்பார்கள். பலாமரத்தில் செதுக்கியது, பிடியின் முனையில் ஒரு பெண்ணின் முகம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரும் அந்நியர் யாரானாலும் அதை வைத்திருப்பவள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்களிடம் ஊர், பேர் கேட்கக் கூடாது. சப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் அது பஞ்சாலை என்பவளிடம் இருந்தது.

அந்த வருடந்தான் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். அவள் கணவன் அர்ச்சுனன் வழியில் குதித்து ஓடிவந்து, முன்பு ரப்பர் உலர்த்திய, பாழடைந்த புகைக்கூடத்தில் பதினோரு நாளாக ஒளிந்திருந்தான். பஞ்சாலையைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு முத்தாயி ஒருவனை அழைத்து வந்தாள். அவன் பெயர் சன்னாசி என்று அவனே சொன்னான். சயாமிலிருந்து தப்பி, காட்டு வழியாக நடந்து வந்தானாம். பஞ்சாலை அவன் கால்களைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன.

மரவள்ளிக்கிழங்குக் கஞ்சியை ஊற்றினாள். அவனுக்கு ஒரு அகப்பை, தனக்கு ஒன்று. பதினோரு நாள் பழக்கத்தில் கை மூன்றாவது குவளையையும் நிரப்பிவிட்டது.

"மூணாவது யாருக்கு தங்கச்சி?"

"இனிமே வர்ற விருந்தாளிக்கு. அகப்பைக்காரி எடுத்து வெக்கணும்."

அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வாசலில் நின்ற முத்தாயிக்கு அது தெரியும்.

"அந்த விருந்தாளி நான்தான்லா," என்று சிரித்தபடி அவன் குவளையை இழுத்துக்கொண்டான். அவசரமில்லாமல் ஊதி ஊதிக் குடித்தான். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டான். சயாமுக்குப் போனவர், சேதி இல்லை என்றாள். எந்த லாரியில், என்றைக்கு என்று கேட்டான். அகப்பையைக் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டே பதில் சொன்னாள்.

போகும்போது அவன் பெரிய சாலைக்குப் போகவில்லை. சப்பான்காரன் உட்கார்ந்திருக்கும் தோட்டத்து ஆபீஸ் பக்கம் நடந்தான்.

அவன் மறைந்ததும் அவள் அகப்பையை முத்தாயியிடம் நீட்டினாள். வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள்.

முத்தாயி குவளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்தவனுக்கு ஒண்ணு, உனக்கு ரெண்டா? இதுக்குத்தான் இல்லாத வழக்கத்தை இழுத்தியா?"

இல்லை என்றால் வேறு காரணம் சொல்ல வேண்டும்.

"ஆமாக்கா. பசி தாங்கல."

சாயங்காலத்துக்குள் அது லயம் முழுக்கப் பரவியது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள். யாரோ ரெட்டைக் குவளைக்காரி என்றார்கள். பஞ்சாலை தலை நிமிராமல் வாளியை நிரப்பினாள். இனி எந்த அந்நியனையும் அவள் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.