காலி எடை

நான்காவது டார்ச்சையும் வாளித் தண்ணீரில் முக்கினார். அதுவும் எரிந்தது. தண்ணீருக்குள் கிடந்துகொண்டு வாளியின் அடியில் ஒட்டியிருந்த சோப்புத் துண்டு வரைக்கும் காட்டிக் கொடுத்தது. சனியன், அணைந்து தொலைக்க மாட்டேன் என்கிறதே என்று அவருக்கு எரிச்சல்.

"தண்ணி போகாதுன்னு அட்டையிலேயே எழுதியிருக்குங்க ஐயா" என்றார் கடைக்காரர். வாளி அவருடையது, தரை துடைக்க வைத்திருந்தது.

"எழுதறதுக்கு என்ன? நான்கூட என் நெத்தியில ராசான்னு எழுதிக்குவேன்."

தெருவில் அவருக்குப் பெயர் சந்தேகம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம். பாதி ஆயுளை லாரி எடைமேடையில் கழித்த மனிதர். லாரி சரக்கோடு ஏறினால் பார எடை, இறக்கிவிட்டு வந்தால் காலி எடை, ரெண்டுக்கும் நடுவில் இருப்பது சரக்கு. அந்த நடுவில்தான் ஊர்த் திருட்டு முழுவதும் இருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. மணலை நனைத்துக் கொண்டுவருவான். தார்ப்பாய்க்குக் கீழே மைத்துனனைப் படுக்க வைத்திருப்பான். ஒற்றைக் காலை மேடையில் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பான். இத்தனையும் பிடித்தவருக்கு அட்டையில் எழுதியிருப்பதை நம்பச் சொன்னால் எப்படி?

ஆனால் இன்றைக்கு அவர் தேடியது நல்ல டார்ச் அல்ல. கெட்ட டார்ச்.

காலையில் நடக்கப் போகிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. அதற்குத் தலைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். அந்தக் கூட்டம் காட்டு வழியாக மலையேறி ரெண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. அவர் மனைவியும் போகிறாள். அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார், அது வேறு விஷயம். வாசலில் அத்தனை பெண்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "போயிட்டு வரட்டுங்களா?" இவள் எங்கே போகப் போகிறாள் என்ற தைரியத்தில் இவரும் பெரிய மனுஷனாகக் கையை வீசி, "தாராளமா போ, நானா வேண்டாம்னேன்?" என்றுவிட்டார். ஊர் பார்க்கத் துப்பினதை இனி விழுங்க முடியுமா?

எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வீட்டில் ரெண்டு நாள். தான் ஒன்று சொல்லி, அதற்கு அவள் ஒன்று சொல்லி, அதிலேயே பொழுது போய்ப் பழகியவர். சுவரோடு சண்டை போட முடியுமா? 'போகாதே' என்று வாயைத் திறந்து சொல்வாரா என்றால், செத்தாலும் மாட்டார். அதனால் கண்ட வழி இது. சாமான் வாங்கக் கூடவே போவது, எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பது, ஒன்றும் அமையவில்லை என்று வெறுங்கையோடு கூட்டி வருவது. பழி கடைக்காரன் தலையில்.

"இது ஆயிரம் லூமன்" என்று கடைக்காரர் அடுத்ததை எடுத்து வைத்தார்.

"லூமன்னா?"

"வெளிச்சத்தோட அளவுங்க."

"யார் அளந்தா?"

கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கம்பெனியில."

"அவன் சரக்கை அவனே அளந்தானா? நல்லாயிருக்கே!"

சார்ஜ் போடுகிற டார்ச்சைக் காட்டினால், "காட்டுல எந்த மரத்துல ப்ளக் இருக்கு?" கட்டை பேட்டரி போடுகிறதைக் காட்டினால், "தீந்து போனா கரடிகிட்ட கடன் கேக்கவா?" தலையில் கட்டிக்கொள்கிற டார்ச்சை எடுத்து அவர் நெற்றியிலேயே மாட்டிவிட்டார் கடைக்காரர். கண்ணாடியில் பார்த்தார். சுரங்கத்தில் வழி தவறின கிழட்டு ஆடு மாதிரி இருந்தது. கழற்றி வைத்துவிட்டார்.

இத்தனை நேரமும் மனைவி கடைக்குள்ளேதான் இருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து கைக்கு அடக்கமான ஒரு சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு, இடது கைப் பெருவிரலால் மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டினாள். டார்ச்சை முந்தானையில் துடைத்துக் கல்லாப்பக்கம் வைத்தாள்.

"இது போதும்" என்றாள்.

"சுண்டுவிரல் தண்டி இருக்கு! இதை வச்சு என்னத்தைப் பாப்பே?"

"கால் வைக்கிற இடத்தை. வேற என்னத்தைப் பாக்கணும்?"

டார்ச் கைவிட்டுப் போயிற்று. இனி மிச்சம் இருப்பது முதுகுப்பை. அங்கே விடக்கூடாது என்று இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டார். கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் ஒன்றை இறக்கினார். காலியாக ஒரு கிலோதான் என்றார். சந்தேகம் சட்டைக்குள் கையை விட்டு, எங்கே போனாலும் கூடவே வரும் கொக்கித் தராசை எடுத்துப் பையை மாட்டினார். முள் இறங்கியது.

"பாத்துக்க! ஒண்ணேகால். கால் கிலோ பொய்!"

"கையை எடுங்க" என்றாள் மனைவி.

"எந்தக் கை?"

"கீழ பட்டையைப் பிடிச்சு இழுக்கிறீங்களே, அந்தக் கை."

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். கை விலகியது. முள் ஏறி ஒன்றில் நின்றது. எத்தனை டிரைவர்களின் காலை மேடையை விட்டு இறக்கினவர்! காது சிவந்துபோனது.

"இடுப்புப் பட்டை இருக்குதுங்க" என்று கடைக்காரர் பேச்சை மாற்றினார். "பாரம் தோள்ல நிக்காது, இடுப்புக்கு இறங்கிடும்."

"எந்த அச்சுல இறங்கினா என்ன? மேடைக்கு எடை ஒண்ணுதானே?"

"மேடைக்கு ஒண்ணுதான்" என்றாள் அவள். "லாரிக்கு?"

பதில் வராதபோது மனிதன் கையைத்தான் நீட்டுவான். அவர் அலமாரிப் பக்கம் நீட்டினார். கயிற்றுச் சுருள் பைக்குள் போனது. அடுப்பு போனது. ரெண்டு தண்ணீர்ப் போத்தல், ஒரு பானை, கடைசியில் ஒரு கூடாரம்.

"ஐயா, கூட்டமாப் போறாங்க. கூடாரம் அவங்க கொண்டு வருவாங்க."

"கூட்டம் இவளை விட்டுட்டு ஓடிப் போயிடுச்சுன்னா?"

"அவங்க எல்லாருக்கும் முட்டி வலி" என்றாள் மனைவி. "எங்க ஓடுவாங்க?"

அவர் காதில் வாங்கவில்லை. மேல் வாயைச் சுருக்கிக் கட்டி, பையை அவள் முன்னால் தொப்பென்று வைத்தார். "இதைத் தூக்கிட்டு நடந்து காட்டு. நடந்துட்டா போ. இல்லேன்னா பேசாம வீட்டுக்கு வா."

சொன்ன பிறகுதான், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவள் அவரையே பார்த்தாள். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. முக்காலிமேல் பையை ஏற்றி, திரும்பி நின்று தோளில் மாட்டி, இடுப்புப் பட்டையைப் போட்டு இழுத்தாள். நிமிரும்போது ஒருதரம் தள்ளாடினாள். அவர் கை தானாக நீண்டது. அதை ஒதுக்கிவிட்டுக் கடைக்குள் ஒரு சுற்று நடந்தாள். "இங்க சமதரையா இருக்கு. மலை இப்படியா இருக்கும்?" என்று முனகிக்கொண்டே வாசல்படி இறங்கித் தெருவுக்குப் போனாள்.

எதிரே ரயில் பாதைக்கு மேலே நடைபாலம். அவள் படியேறினாள். நடுப்படியில் நின்றாள்.

"பாத்தியாப்பா, மூச்சு வாங்குது" என்றார் அவர். குரலில் சந்தோஷம் வரவில்லை.

அவள் தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி ஏறினாள். மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே போகிற ரயிலைக் கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தாள். திரும்பி வருவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கமாக நடந்தாள்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "ஐயா... என் கூடாரம், அடுப்பு எல்லாம் அதுலதான் இருக்கு."

"தெரியும்."

"அம்மா வந்துடுவாங்கல்ல?"

சரக்கை இறக்கிவிட்டுக் காலி எடைக்கு வந்துடுவியா என்று லாரிக்காரர்கள் ஆயிரம் பேரிடம் அவர் கேட்ட கேள்வி. முக்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. "வருவா" என்றார்.

பாலத்தின் அந்தப் பக்கப் படிகளில் மஞ்சள் பை இறங்கத் தொடங்கியது. கம்பிகளுக்கு மேலே முதலில் பாதி தெரிந்தது, பிறகு ஒரு கையகலம். சந்தேகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எம்பினார்.