சுவரில் தங்கிய ஹரிஷங்கர்

கல்கத்தா நியூ டவுனில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்த ஹரிஷங்கரின் நிழலை அவர் மனைவி ஜலஜா சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பால்கனி வழியாக வெயில் கூடத்துக்குள் நீளமாக விழுந்துகொண்டிருந்த நேரம். அது ஒரு விபத்து என்றுதான் வளாகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஜலஜாவும் அப்படித்தான் சொல்வாள். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை ஒரு முறை துடைத்துக்கொள்வாள்.

ஜலஜா கல்கத்தாவிலேயே பிறந்து, தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஹரிஷங்கர் வங்கி அதிகாரி. அஸன்ஸோல், சிலிகுரி, தன்பாத், கௌஹாத்தி என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தவர். ஜாதவ்பூர் வாடகை வீட்டில் மகள் பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணமாகிப் போனதும் அவருக்குப் பெரும்பாலும் தொலைபேசியில் தெரிந்த விஷயங்கள். ஓய்வு பெற்று, நியூ டவுனில் ஃப்ளாட் வாங்கி ஒரு வழியாக வீட்டோடு வந்தவர், நாள் முழுக்கச் செய்தி சேனல் சண்டைகளை முழு சத்தத்தில் வைத்தார். கூடத்தைக் குறுக்கே தடுத்து டிவியையும் அவரையும் ஒரு பக்கம் வைத்துவிடுவது என்று ஜலஜா முடிவு செய்தது அதனால்தான். தச்சு மிஸ்திரியைக் கூப்பிட அவளுக்கு மனமில்லை. வீடியோக்கள் பார்த்துக் கற்றுக்கொண்டாள், ஒயர் இல்லாத ஸ்க்ரூ கன் ஒன்று வாங்கினாள்.

அந்தக் கன்னில் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாகக் கோத்திருக்கும். பலகையில் வைத்து அழுத்தினால் டர்ரக் என்று ஒன்று இறங்கும், அடுத்தது தானாக வந்து நிற்கும். அது கைக்கு வந்த வாரத்தில் ஒன்பதாவது மாடியில் ஆடிக்கொண்டிருந்த எதுவும் ஆடவில்லை. கதவுக் கீல் நின்றது, சாமி அலமாரி நின்றது, அடுத்த வீட்டுத் தபதிதியின் கட்டில் கால் நின்றது. சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் தபதிதியின் ஆடுகிற முன்பல்கூட இறுகிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

கன்னின் மூக்கில் ஒரு வளையம் உண்டு. ஸ்க்ரூ எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதை அதைத் திருகி வைக்கலாம். மரப் பலகைக்கு அழுத்தமாகப் போக வேண்டும். ஜிப்சம் போர்டுக்கு அப்படி இல்லை. மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் சின்னக் குழி விழ வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. ஜலஜா முதலில் தன் பக்கத்துக்கு மரப் பலகை அடித்து முடித்தாள். பிறகு ஹரிஷங்கர் பக்கத்துக்கு வந்து ஜிப்சம் போர்டைத் தூக்கி நிறுத்தினாள். வளையத்தைத் திருக மறந்துவிட்டாள். அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் நிழல் போர்டின் மேல் விழுந்தது.

"ஜலஜா, அந்தக் கொல்லுப்பட்டறையை நிறுத்திட்டு இங்க கேளு. சென்னையில அந்த சீனியர் சிட்டிசன் ஃப்ளாட்டு கிடைச்சாச்சு. அடுத்த மாசம் கிளம்பறோம்."

"யாரு கிளம்பறா?"

"நாமதான். இதை வித்துடலாம். நான் தீர்மானம் பண்ணியாச்சு."

"பண்ணியாச்சுன்னா அப்புறம் எங்கிட்ட எதுக்கு சொல்றேள்?"

டர்ரக். ஸ்க்ரூ காகிதத்தைக் கிழித்து, போர்டைத் துளைத்து, தகரச் சட்டத்தையும் தாண்டி இன்னும் கொஞ்சம் போயிற்று. ஹரிஷங்கர் இடது தோளைத் தடவிக்கொண்டு கொசு என்றார். ஆழம் போன ஸ்க்ரூவைப் பிடுங்கக் கூடாது, இரண்டு விரல்கடை தள்ளிப் பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டும் என்பது ஜிப்சம் வேலையின் சட்டம். ஜலஜா சட்டப்படி செய்தாள். ஹரிஷங்கர் இன்னொரு கொசு என்றார். அதற்குப் பின் தயிர் வாங்கக் கீழே போகக் கிளம்பியவர் லிஃப்ட் வாசலில் நின்றுவிட்டார். கால் முன்னால் வைத்தால் உடம்பு பின்னால் வந்தது.

நிழல் நீள்கிற தூரத்துக்குத்தான் போகலாம் என்பது சில நாட்களில் தெளிவாயிற்று. உச்சி வெயிலில் சாப்பாட்டு மேசையைத் தாண்ட முடியாது. நாலு மணிக்கு லிஃப்ட், ஐந்து மணிக்கு மிட்டாய்க் கடை, மார்கழிச் சூரியன் அடிவானத்தைத் தொடும்போது எக்கோ பார்க் வாசல். ட்யூப்லைட் வெளிச்சத்தில் குளியலறைக்குப் போய்வர முடிந்தது, அந்த மட்டும் புண்ணியம். மேகம் மூடினால் நிழலே இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆகவே ஆவணியில் வானம் கறுத்த ஒரு நாள், பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விட்டார். சோதனையெல்லாம் முடிந்து போர்டிங் பாஸோடு வரிசையில் நின்றபோது கண்ணாடிக்கு வெளியே வெயில் அடித்தது. மனிதர் நின்ற நிலையிலேயே பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு, தள்ளுவண்டிகளுக்கு நடுவே, நெடுஞ்சாலையில் இரண்டு பஸ்களை முந்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்ததைக் கேட்டவர்கள் உண்டு. அவர் போன வாடகைக் கார் அவருக்குப் பின்னால்தான் திரும்பி வந்தது.

மிஸ்திரி நிமாயை வரவழைத்தார்கள். பௌதி, அதாவது அண்ணி, ஸ்க்ரூவின் தலை உள்ளே போய்விட்டது, திருப்புளி முனை பிடிக்காது என்றான் அவன். தோண்டிப் பார்க்கிறேன் என்று உளியை வைத்தான். ஹரிஷங்கர் போட்ட சத்தத்தில் தபதிதி ஓடி வந்து, "கீ ஷொர்போனாஷ், என்ன சர்வநாசம்! பிரசவமா?" என்று கேட்டாள். நிமாய் கூலி வாங்காமல் போய்விட்டான்.

ஜலஜாவுக்கு அந்த வருஷம் புதிதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷன் வீட்டில் இருந்தார். டிவி சத்தம் குறைந்தது. பயறு உரித்துக் கொடுத்தார், மகள் எந்த வகுப்பில் கணக்கில் தவறினாள் என்று கேட்டார். ஆனால் மத்தியானத்தில் அவர் படுத்துத் தூங்கும்போது நிழல் படுக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அது சுவரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அவள் சமையலறைக்குப் போனால் தலை அந்தப் பக்கம் திரும்பும். முகம் என்று ஒன்றும் இல்லை, இருந்தும் பார்ப்பது தெரியும். முதல் நாள் அவள் கரண்டியைக் கீழே போட்டாள். பிறகு பழகிப்போய், அதன் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

பழகாதவர் ஹரிஷங்கர்தான். நியூ டவுன் வானத்தில் விமானங்கள் தாழ்வாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஜன்னலுக்குப் போவார். நிழல் இழுக்கும், திரும்புவார். சாப்பாடு குறைந்தது. சட்டையின் கழுத்து பெரிதாயிற்று. இப்படியே வைத்திருந்தால் ஆள் காய்ந்து போவார், விட்டால் தன்னையும் இழுத்துக்கொண்டு போவார் என்று ஜலஜா பல நாள் யோசித்தாள். கடைசியில் பலகை வேலையிலிருந்தே வழி வந்தது. நடுவில் ஒரே இடத்தில் பிடித்த போர்டு இழுக்கும், ஆடும். சுற்றிலும் ஓரத்தில் பிடித்தால் அது தனியாக நிற்கும். யாரும் தாங்க வேண்டியதில்லை. நிழலையும் அப்படிச் சுற்றிலும் பிடித்துவிட்டால் ஆள் தனியாகிவிடுவார்.

"ஏன்னா, உங்களை விட்டுடலாம். நிழலை விட முடியாது."

"நிழல் இல்லாம எப்படிடி இருக்கறது?"

"சென்னை வெயிலுக்கு எல்லாரும் நிழல் தேடி ஓடிண்டிருப்பா. உங்களுக்கு இல்லைன்னு யாரு பாக்கப் போறா?"

"நீ?"

"நான் இங்கதான். வீடும் இங்கதான்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு விமானம் போயிற்று. "குதிகால்கிட்ட மெதுவா அடி" என்றார்.

இந்த முறை அவள் வளையத்தைத் திருகினாள். சாயங்கால வெயிலில் அவரை நிறுத்தி, காதிலிருந்து தோள், தோளிலிருந்து இடுப்பு என்று நிழலின் விளிம்போடு அடித்துக்கொண்டு இறங்கினாள். காகிதம் எங்கும் கிழியவில்லை. குதிகாலில் கடைசி ஸ்க்ரூ இறங்கியபோது கோந்து ஒட்டிய தாளைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஹரிஷங்கர் ஓரடி முன்னால் வைத்தார். இன்னோரடி வைத்தார். நிழல் சுவரில் நின்று அவர் போவதைப் பார்த்தது.

சென்னையில் அவர் நன்றாக இருக்கிறார். காலையில் நடை, மாலையில் கச்சேரி, ராமேஸ்வரம், பத்ரி என்று வருஷத்துக்கு நாலு யாத்திரை. போன துர்கா பூஜோவுக்கு இரண்டு நாள் வந்தார். சப்தமி காலையில் தபதிதி பிரசாதம் கொண்டுவந்தாள், முதலில் சுவரைப் பார்த்து, "தாதா, பாலோ ஆச்சேன்?" என்று நலம் விசாரித்துவிட்டு, அதன் பிறகுதான் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். ஹரிஷங்கர் எழுந்து சுவர்முன் போய் நின்றார். இடது பக்கம் நகர்ந்தார், கையை ஆட்டினார். நிழல் அசையவில்லை.

"என்னைத் தெரியலையா அதுக்கு?"

"தெரியும். வேலையா இருக்கு. வழியை மறைக்காதேங்கோ" என்றாள் ஜலஜா, மடியில் வாழைப்பூவோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. அவள் நிழல் சுவரில் விழுந்தது. ஹரிஷங்கரின் நிழல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதற்கு இடம் விட்டது. பிறகு அதுவும் பூ ஆய ஆரம்பித்தது.

ஹரிஷங்கர் காபியைக் குடித்து முடித்து, விமானத்துக்கு நேரமாயிற்று என்றார்.