பார்க்காத நாடி

பிரசவ வார்டின் தலைமைச் செவிலியரை மற்ற செவிலியர்கள் முதுகுக்குப் பின்னால் 'சூறாவளி' என்பார்கள். நடக்கிற வேகம் அப்படி. ஆனால் அன்று காலை அவர் நடந்தது வேலைக்காக அல்ல, உட்கார முடியாததால். நாற்காலியில் உட்காருவார், மேஜைமேல் இருந்த தாளை எடுப்பார், பாதி படித்துவிட்டு எழுந்து சன்னல் வரை போவார்.

தாளில் ஏழு வரிகள். செவிலியர் கவனிப்பின் தரத்தை எதை வைத்து அளப்பது? ஏழில் மூன்றைத் தேர்ந்தெடுக்க மதியம் கூட்டம். முதல் வரியை அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று: கவனிப்புத் தாள்கள் முழுமையாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா? போன மாதத்துத் தாள்களை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் அவருடைய வார்டுக்குத்தான் முதலிடம். தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"ட்ரீட் எப்போ சிஸ்டர்?" என்று வாசலில் தலையை நீட்டினார் புள்ளிவிவர அலுவலர். "உங்க வார்டைத்தான் மத்தவங்களுக்கு மாதிரியா காட்டப் போறோம்."

தலைமைச் செவிலியர் சிரிக்க முயன்றார். வாய் கோணிக்கொண்டது.

அந்தத் தாள்களில் ஒன்று அவரைத் தின்றுகொண்டிருந்தது. போன மாதம் ஒரு பிற்பகல், ஒரே நேரத்தில் மூன்று பிரசவம். ஒரு செவிலியர் விடுப்பு. முதலில் பெற்றெடுத்த பெண்ணைக் கால் மணிக்கொரு தரம் பார்த்து நாடி, ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு எல்லாம் எழுத வேண்டும். ஒன்றரை மணி நேரம் யாரும் அந்தக் கட்டில் பக்கம் போகவில்லை. தரை துடைக்க வந்த அம்மாள் கட்டிலுக்கடியில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக் கத்திய பிறகுதான் ஓடினார்கள். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் உயிரை மீட்டார்கள். எல்லாம் அடங்கியபின், அவளுடைய தாளில் காலியாக இருந்த ஆறு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பியவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

கூட்டத்துக்குப் போகும் வழியில் தடுப்பூசி அறை. வெளியே பெஞ்சில் அதே பெண். திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டர்! நல்லா இருக்கீங்களா?"

அவள் முகம் இன்னும் வெளுத்துத்தான் கிடந்தது. பக்கத்தில் குழந்தையை வைத்திருந்த நாத்தனார் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவளுக்கு இன்னும் கோவம் போகல சிஸ்டர். அன்னைக்கு யாருமே எட்டிப் பாக்கலைன்னு."

"பாக்கலைதானே அண்ணி? ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். இதோ வரோம், இதோ வரோம்னாங்க."

"சும்மா இருடி. அவங்களுக்கு என்ன பத்துக் கையா இருக்கு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் தனக்காக வக்காலத்து வாங்கியதுதான் சுருக்கென்று தைத்தது.

கூட்டத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். "முதல் வரி. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"அதை எடுத்துடுங்க டாக்டர்."

"ஏம்மா? உங்க வார்டுதானே முதல்ல வந்திருக்கு!"

"அதனாலதான் சொல்றேன். அதுல ஒரு தாளை நான் கற்பனையா எழுதினேன். பாக்காத நாடி, அளக்காத ரத்த அழுத்தம். ஒரு பொண்ணு சாகக் கிடந்த நேரத்துல, தாள்ல எல்லாம் சரியா இருக்குன்னு இருக்கு."

புள்ளிவிவர அலுவலர் கையிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? நான் மெமோ குடுத்தே ஆகணும்" என்றார் கண்காணிப்பாளர்.

"குடுங்க. ஆனா பிரசவமாகி வீட்டுக்குப் போற பொண்ணுங்களைக் கேளுங்க. எத்தனை தடவை வந்து வயித்தைத் தொட்டுப் பாத்தாங்க, கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வந்தாங்கன்னு."

"வலியில இருக்கறவங்களுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா சிஸ்டர்?" என்றார் அலுவலர்.

"கூட இருந்தவங்களுக்கு இருக்கும். மறக்கவே மறக்காது."

ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் முதல் வரியை அடித்துவிட்டு அந்த இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டார்கள். ஒரு ஷிஃப்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை தாய்மார் என்பதும் சேர்ந்தது. மறுவாரமே மெமோ வந்தது. ஆறு மாதத்துக்குத் தலைமைப் பொறுப்பு பறிபோனது. பிற்பகல் ஷிஃப்டுக்குக் கூடுதலாக ஒரு செவிலியர் வந்து சேர்ந்தார்.

அப்படியும் மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் விலாசத்தைத் தேடிப் போனார். கதவைத் திறந்த நாத்தனார் ஒதுங்கி வழிவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"அப்போ நான் செத்துப் போயிருந்தா, என் வீட்டுக்காரர்கிட்ட அந்தத் தாளைத்தான் காட்டியிருப்பீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க" என்றாள்.