இருபத்திரண்டு மணி நேரம்

என்னைப் போல் ஒழுங்கான ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று பல் டாக்டர் அபிநயா சொன்னார். கோணல் பல்லை நேராக்க மாட்டுகிற, அலைனர் என்கிற கண்ணாடி போன்ற உறை ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் பல்லில் இருக்க வேண்டும். சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றலாம். ஒன்றரை வருஷத்தில் நான் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"எப்படிங்க முடிஞ்சுது? எல்லாரும் கல்யாணம், காதுகுத்து, டீன்னு கழட்டி வச்சிட்டு மறந்துடறாங்க."

"பழக்கந்தான் டாக்டர்" என்றேன்.

பழக்கமாம், பழக்கம்! சாப்பிடக் கூப்பிட ஆள் இருந்தால் அல்லவா கழற்றி வைக்க?

எனக்கு நாற்பத்தொரு வயது. தஞ்சாவூரில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நெல்லை ஈரத்தாளில் பரப்பி வைத்து, பதினாலாம் நாள் நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அம்மா போய் நாலு வருஷமாகிறது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். கீழ்வேளூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இங்கே ஒரு மாடி அறையில் இருக்கிறேன்.

ஆபீசில் மதியம் எல்லோரும் பெரிய மேஜையில் டப்பாக்களைத் திறந்து வைத்து, மாற்றி மாற்றி எடுத்துச் சாப்பிடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் அங்கே நாற்காலி இல்லையென்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பிறகு அதுவே என் இடமாகிவிட்டது. யார் மேலும் தப்பில்லை, என் மூஞ்சியும் சிடுமூஞ்சிதான். ஆனாலும் வலிக்கும். அலைனர் போட்ட பிறகு ஒரு சௌகரியம் வந்தது. சூப்பர்வைசர் செல்லதுரை சார் போகிற போக்கில் "என்ன பிரகதீஸ்வரி, தனியா?" என்று கேட்டால், கழற்றிய அலைனரை வைத்திருக்கும் சின்ன டப்பாவைக் காட்டுவேன். "ஓ, அதைக் கழட்டி மாட்டற வேலை இருக்குல்ல" என்று போய்விடுவார். நான் தனியாகச் சாப்பிடுவதற்கு மரியாதையான ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அதையும் டாக்டர் பிடுங்கிவிட்டார். "கடைசி செட்டும் மூணு மாசம் போட்டாச்சு. இனிமே தூங்கறப்ப மட்டும் போட்டா போதுங்க."

"கீழ்ப்பல்லு ஒண்ணு இன்னும் கோணலா இருக்கற மாதிரி இருக்குங்களே?"

"இல்லையே, அழகா இருக்கு. நீங்களே பாருங்க."

கண்ணாடியில் பார்த்தேன். எல்லாம் வரிசையாகத்தான் நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. அலைனர் டப்பாவைக் காலியாகவே தினமும் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், இசைவாணி நாற்காலியை இழுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். திருப்பனந்தாள் பெண், போன மாதம்தான் மாற்றலாகி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கும் அலைனர் போடறாங்க. எப்படிச் சமாளிக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும், டிஷ்யூவில் சுற்றினால் குப்பையோடு போய்விடும். சூடான காபியை அதோடு குடித்தால் உறை வளைந்துவிடும். சாப்பிட்டதும் பல் தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். புது செட்டைப் படுக்கப்போகும்போது மாற்றினால் பாதி வலி தூக்கத்தில் போய்விடும். அவள் போனில் குறித்துக்கொண்டே போனாள். அந்த ஆபீசில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே கிடையாது.

"சரிக்கா, இன்னைக்கு ஒரு நாள்தான் நான் ஃப்ரீ. கழட்டிட்டு வாங்க, சேர்ந்து சாப்பிடுவோம்." டப்பாவைத் திறந்தாள். புளியோதரையும் சேப்பங்கிழங்கு வறுவலும் இருந்தன.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. கைகழுவும் இடத்துக்குப் போய், முதுகைக் காட்டி நின்று, எதையோ கழற்றுவதுபோல் பாவனை செய்து, காலி டப்பாவை டொக்கென்று மூடிக்கொண்டு வந்தேன். நாற்பத்தொரு வயதில் இந்தக் கூத்து.

வறுவல் நன்றாக இருந்தது. என் தயிர்சாதத்தில் பாதியை அவள் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். அவள் மாமியார் கதை, என் அண்ணன் கதை என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் சிரிக்கக்கூடச் செய்தேன்.

திடீரென்று கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, அம்பது நிமிஷம் ஆச்சு! என்னால உங்க கணக்கு கெட்டுப்போச்சு. மொதல்ல போடுங்க." அவளே என் டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்கக்கா வச்சீங்க? கீழ விழுந்துடுச்சா?" மேஜைக்கு அடியில் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு குப்பைக்கூடைக்குள் கையை விடப்போனாள். நான் பிடித்து நிறுத்தினேன்.

"தேடாத. பகல்ல போடறது முடிஞ்சு மூணு வாரமாச்சு."

"அப்பறம் ஏன்க்கா தனியா உக்காந்து சாப்பிட்டீங்க?"

"யாரும் கூப்பிடல" என்றேன். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் என் காலி டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஆபீசுல இது இனிமே உங்களுக்கு எதுக்கு? நாளையிலேர்ந்து எனக்கு அரை மணி நேரந்தான் கிடைக்கும். லேட் பண்ணாம வந்துடுங்க."